பட் கப்ராவ் எங்கே சொதப்புகிறது? தாய்லாந்துச் சிக்கன் வதக்கலில் வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

என்ன சாப்பிடுவது என்று யோசிக்கவே அலுப்பாக இருக்கும்போது தாய்லாந்துக்காரர்கள் கடையில் கேட்பது பட் கப்ராவ். கொத்திய கறியைப் பூண்டு, மிளகாயோடு வதக்கி, கை நிறைய துளசி இலை போட்டு, சோற்றின் மேல் கொட்டி, பொரித்த முட்டை ஒன்றை வைத்துக் கொடுத்துவிடுவார்கள். யோசனை தீர்ந்துபோனவர்களின் சாப்பாடு என்று அவர்களே அதைக் கிண்டல் செய்வார்கள். கோழிக்கறி போட்டால் அது பட் கப்ராவ் கை.

அடுப்பில் இருக்கும் நேரம் ஏழெட்டு நிமிடம் என்பதால், கோளாறு தெரியும்போது பாதிச் சமையல் முடிந்திருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் இப்போதே செய்யக்கூடியதையும், அடுத்த முறை மாற்ற வேண்டியதையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

முதலில் அளவு. இருவருக்கு: எலும்பில்லாத தொடைக்கறி 250 கிராம், கையால் கொத்தியது. பூண்டு 6 பல், காரமான சின்ன மிளகாய் 4 முதல் 8 வரை, இரண்டையும் சேர்த்து உரலில் கரகரப்பாக இடித்தது. எண்ணெய் 2 மேசைக்கரண்டி. ஆய்ஸ்டர் சாஸ் 1 மேசைக்கரண்டி, ஃபிஷ் சாஸ் 2 தேக்கரண்டி, லைட் சோயா 1 தேக்கரண்டி, டார்க் சோயா அரை தேக்கரண்டி, சர்க்கரை 1 தேக்கரண்டி. இவை ஐந்தையும் ஒரே கிண்ணத்தில் கலந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். இலை, காம்பு நீக்கி, நன்றாக இரண்டு கைப்பிடி. இத்தனையும் தயாரான பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். கறி வதங்கிக்கொண்டிருக்கும்போது பூண்டு உரிக்கப் போனால், கீழே வரும் கோளாறுகளில் பாதி ஒரே நாளில் வந்து சேரும்.

வாணலியில் தண்ணீர் கட்டி நிற்கிறது

வீட்டில் செய்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். கறி சிவக்காமல் சாம்பல் நிறத்தில் வெந்துகொண்டிருக்கும். அடியில் கலங்கலாக நீர் நிற்கும். சாஸை ஊற்றினால் குழம்பாகிவிடும்.

இப்போதே செய்ய வேண்டியது: கறியை ஜல்லிக்கரண்டியால் அள்ளித் தட்டில் வையுங்கள். அடியில் நிற்கும் நீரை முழுத் தீயில் சுண்ட விடுங்கள். அது பாகு போலக் கெட்டியாகி எண்ணெய் பிரிந்ததும் கறியைத் திரும்பப் போடுங்கள். நீரைக் கீழே கொட்ட வேண்டாம், கறியின் சுவையில் ஒரு பங்கு அதில்தான் இருக்கிறது. கறியையும் சேர்த்து வைத்துச் சுண்ட வைத்தால் நீர் வற்றுவதற்குள் கறி ரப்பராகிவிடும்.

இனி காரணம். நீர் இருக்கும் வரை வாணலியில் கறி கிடக்கும் இடம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. கறி சிவந்து மணம் வர 140 டிகிரிக்கு மேல் வேண்டும். அறை வெப்பத்தில் இருக்கும் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல ஏழு மடங்குக்கும் மேல், அதே நீரை ஆவியாக்கத் தேவை. பாங்காக் தெருக்கடை அடுப்பின் தீ நம் வீட்டு அடுப்பைப் போலப் பல மடங்கு. அங்கே நீர் கசியக் கசிய ஆவியாகிவிடும். இங்கே தேங்கி நிற்கும்.

நீர் எப்போது வந்தது என்று பாருங்கள், காரணம் பிடிபடும். கறி போட்ட அரை நிமிடத்துக்குள் வந்தால் கறி ஈரமாக இருந்திருக்கிறது, அல்லது ஃப்ரீசரில் இருந்து எடுத்தது உள்ளே முழுதாக உருகவில்லை. நம் வீடுகளில் மஞ்சள் தூள் போட்டு இரண்டு மூன்று தண்ணீர் அலசாமல் கோழியை அடுப்பில் ஏற்றுவதில்லை. (கழுவும்போது தெறிக்கும் நீரோடு கிருமிகளும் சிங்கைச் சுற்றிப் பரவும் என்று உணவுப் பாதுகாப்புத் துறைகள் பல நாடுகளில் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. கேட்பவர்கள் குறைவு.) கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் கொத்துவதற்கு முன்பே கழுவி, வடிகட்டி, காகிதத் துண்டால் ஒற்றி எடுங்கள். கொத்திய கறியைக் கழுவினால் அது குடித்த நீரை எதனாலும் எடுக்க முடியாது.

ஒரு நிமிடம் கழித்து, கொஞ்சம் கொஞ்சமாக நீர் கசிந்தால் கறியின் அளவு அதிகம், அல்லது வாணலி போதுமான அளவு காயவில்லை. வீட்டு அடுப்பில் ஒரு தடவைக்கு 250 கிராம்தான் கணக்கு. ஆறு பேர் வருகிறார்கள் என்றால் மூன்று ஈடாகச் செய்யுங்கள். ஒரே ஈடாகப் போட்டு நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். அந்த மிச்சமெல்லாம் நீரைச் சுண்ட வைப்பதிலேயே போய்விடும்.

சாஸ் ஊற்றிய பிறகுதான் நீர் வந்தது என்றால், சந்தேகம் காய்கறி மேல் போகட்டும். கப்ராவில் காராமணிக்காய், வெங்காயம், பேபி கார்ன் சேர்க்கலாமா கூடாதா என்று தாய்லாந்திலேயே சண்டை உண்டு. நான் கூடாது என்ற கட்சி. சுவையை வைத்துச் சொல்லும் வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும், வீட்டுத் தீயால் காய்கறி விடும் நீரைச் சமாளிக்க முடியாது. வேண்டுமென்றால் காராமணியைப் பொடியாக நறுக்கித் தனியாக வதக்கி எடுத்து வைத்து, கடைசியில் சேருங்கள். உப்பு போட்டு ஊற வைத்த கறியும் இப்படித்தான் நீர் விடும். இதற்கு ஊற வைக்கும் வேலையே கிடையாது.

இன்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குழிவான வாணலியின் அடி கொஞ்சம்தான் அடுப்பில் படும், சூடும் அவ்வளவுதான். தட்டையான கனத்த பேன் எடுங்கள். சினிமாவில் வருவது போலத் தூக்கித் தூக்கிக் குலுக்காதீர்கள், தூக்கும் ஒவ்வொரு முறையும் சூடு நின்றுபோகும்.

கறி அடியில் ஒட்டிப் பிய்கிறது

இரும்பு வாணலி என்றால் வெறுமனே காய வைத்து, லேசாகப் புகை வந்த பிறகு எண்ணெய் விட்டு, எண்ணெய் மினுமினுத்து ஓடும்போது கறியைப் போடுங்கள். நான்ஸ்டிக் பாத்திரத்தில் இப்படிச் செய்யவே கூடாது. 260 டிகிரிக்கு மேல் போனால் அந்தப் பூச்சு சிதைந்து நச்சுப்புகை விடும். அதில் முதலிலேயே எண்ணெய் விட்டு நடுத்தர சூட்டுக்கு மேல் போகாமல் சமையுங்கள், நிறம் கொஞ்சம் குறைவாகத்தான் வரும்.

கறியைப் பரப்பிவிட்டு முக்கால் நிமிடம் தொடாதீர்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் கறி, அடி சிவந்ததும் தானே விட்டுக்கொடுக்கும். அதற்கு முன் சுரண்டினால்தான் பிய்கிறது.

பூண்டு கருகிக் கசக்கிறது

இதற்கு மீட்சி இல்லை. சர்க்கரை சேர்த்தாலும் எலுமிச்சை பிழிந்தாலும் அந்தக் கசப்பு போகாது. கறி போடுவதற்கு முன்பே தெரிந்துவிட்டால் எண்ணெயோடு கொட்டிவிட்டு, வாணலியைத் துடைத்து மறுபடி தொடங்குங்கள். ஆறு பல் பூண்டுதானே.

தாய்லாந்துக் கடைகளில் இடித்த பூண்டு மிளகாய்தான் முதலில் எண்ணெயில் விழும், உடனே பின்னாலேயே கறி. கறி விழுந்து தணிந்த சூடு அங்கே நொடியில் திரும்பிவிடும். நம் அடுப்பில் ஒரு சிக்கல் உண்டு: கறிக்கு வாணலி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஆனால் அந்தச் சூட்டில் பூண்டு பத்து நொடிகூடத் தாங்காது. அதனால் வீட்டில் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். கறியை முதலில் பாதி எண்ணெயில் சிவக்க வதக்கித் தட்டில் எடுத்துவிடுங்கள். தீயைக் குறைத்து, மீதி எண்ணெயில் பூண்டு மிளகாயைப் போட்டு, ஓரம் வெளிர்பொன்னாகி மணம் கிளம்பியதும் கறியைத் திரும்பச் சேர்த்துத் தீயை ஏற்றுங்கள். மரபு மாறியது போல இருக்கும், ஆனால் சாப்பிடுகிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

மிக்சியில் அரைத்த விழுதைப் போடாதீர்கள். அது எண்ணெயில் தெறிக்கும், ஒட்டும், ஒரு பக்கம் பச்சையாகவும் மறுபக்கம் கருகியும் நிற்கும். உரலில் இடித்ததில் சின்னதும் பெரிதுமாகத் துண்டுகள் இருக்க வேண்டும்.

வீடு முழுக்க இருமல்

மிளகாய் சூடான எண்ணெயில் விழுந்ததும் அதன் காரப்பொருள் நீராவியோடு காற்றில் ஏறுகிறது. இது கோளாறு என்றுகூடச் சொல்ல முடியாது, கொஞ்சம் நெடி வரத்தான் செய்யும். 2007-இல் லண்டன் சோஹோ பகுதியில் ஒரு தாய்லாந்து உணவகத்தில் சட்னிக்கு மிளகாய் வறுத்த நெடியில், ஏதோ ரசாயனத் தாக்குதல் என்று நினைத்து தெருவையே மூடி, தீயணைப்புப் படையினர் கதவை உடைத்து உள்ளே போனார்கள். கிடைத்தது ஒரு பாத்திரம் மிளகாய்.

எக்ஸாஸ்ட் ஃபேனைச் சமையல் தொடங்கும் முன்பே போடுங்கள். மேலே சொன்னபடி தீயைக் குறைத்து மிளகாயைச் சேர்த்தால் நெடியும் பாதியாகிவிடும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள், குழந்தைகள் இருந்தால் மிளகாயின் அளவைக் குறைத்துவிட்டு, காரம் வேண்டியவர்களுக்கு ஃபிஷ் சாஸில் நறுக்கிய மிளகாயும் எலுமிச்சைச் சாறும் கலந்து மேசையில் வையுங்கள். தாய்லாந்தில் இந்தக் கிண்ணம் எப்படியும் சாப்பாட்டோடு வரும். அதன் பெயர் ப்ரிக் நம் ப்லா.

கறி ரப்பர் மாதிரி, அல்லது மரத்தூள் மாதிரி

மரத்தூள் என்றால் நெஞ்சுக்கறி. அதில் கொழுப்பு மிகக் குறைவு, அரை நிமிடம் கூடினாலும் காய்ந்துவிடும். தொடைக்கறிக்கு மாறுவதுதான் சுலபமான வழி. வீட்டில் நெஞ்சுக்கறிதான் இருக்கிறது என்றால் 250 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி சோளமாவும் (கார்ன் ஃப்ளவர்) ஒரு தேக்கரண்டி எண்ணெயும் பிசறிப் பத்து நிமிடம் வைத்து, பிறகு வதக்குங்கள். மாவு மெல்லிய போர்வை போல ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

ரப்பர் என்றால் தண்ணீரில் நெடுநேரம் வெந்தது. முதல் கோளாறுக்குத் திரும்பிப் போய்ப் படியுங்கள்.

கடையில் அரைத்துத் தரும் கீமாவும் ஒரு காரணம். மாவு போலக் குழைந்து வரும் அந்தக் கறி வாணலியில் கட்டிகட்டியாகச் சேர்ந்து, வெளியே வெந்தும் உள்ளே வேகாமலும் இருக்கும். பெரிய கத்தியால் சுண்டைக்காய் அளவுக்குக் கொத்தியதுதான் இதற்குச் சரி. ஐந்து நிமிட வேலை. வெந்துவிட்டதா என்ற சந்தேகத்தில் கூடுதலாக ஐந்து நிமிடம் வதக்க வேண்டாம். பெரிய துண்டு ஒன்றைப் பிட்டுப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பு இல்லாமல், சாறு தெளிவாக இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் 74 டிகிரி செல்சியஸ்.

எல்லாம் சரி, ஆனால் கப்ராவ் வாசம் இல்லை

நீர் பிரச்சினையை வென்றவர்கள் அடுத்து வந்து நிற்கும் இடம் இது. பார்க்க அழகாக இருக்கும், சாப்பிட்டால் ஏதோ சைனீஸ் சிக்கன் போல இருக்கும், அல்லது நம் ஊர்ச் சிக்கன் வறுவல் போல இருக்கும். காரணம் ஒன்று இலை, அல்லது கை பழகிய வழக்கம்.

வழக்கத்தை முதலில் முடித்துவிடுவோம். இஞ்சி பூண்டு விழுது, பெரிய வெங்காயம், மிளகுத்தூள், கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை மஞ்சள் தூள். இதில் எது போனாலும் தாய்லாந்து விலகிப் போய்விடும். இஞ்சிக்குத் தனியாகவே அங்கே ஒரு வதக்கல் இருக்கிறது, பட் கிங் என்று. நல்லெண்ணெயும் வேண்டாம், மணமில்லாத எண்ணெய் போதும்.

இனி இலை. கப்ராவ் என்பது துளசி. தாவரவியலில் நம் வீட்டு மாடத்தில் இருக்கும் துளசியும் அதுவும் ஒரே இனம், ரகம்தான் வேறு. நம்மிடம் வெண்துளசி, கருந்துளசி இருப்பது போல அங்கும் பச்சைத் தண்டு, செந்தண்டு என்று இரண்டு உண்டு, செந்தண்டுக்கு வீரியம் அதிகம். கிராம்பில் இருக்கும் யூஜினால் என்ற வாசனைப் பொருள் இதிலும் இருப்பதால்தான் அந்தக் காரமான மணம். இத்தாலியப் பேசில் போட்டுவிட்டு வாசம் வரவில்லை என்பவர்கள் ஏராளம். சூப்பர் மார்க்கெட்டில் தாய் பேசில் என்று விற்பதும் பெரும்பாலும் கப்ராவ் இல்லை. அது ஹோரபா, சோம்பு மணம் வரும். நம் ஊர்த் திருநீற்றுப்பச்சிலை அந்த இனம், சப்ஜா விதை அதில் இருந்துதான் கிடைக்கிறது. ஹோரபா போட்டு வதக்கினாலும் நல்ல சாப்பாடுதான், தாய்லாந்தில் அது பட் ஹோரபா என்று வேறு பெயரில் கிடைக்கும்.

அப்படியானால் மாடத்துத் துளசியைப் பறித்துப் போடலாமா? சமையல் கணக்கில் போடலாம். நம் ரகத்தில் மணம் தூக்கலாகவும் லேசான கசப்போடும் இருக்கும், அதனால் முதல் தடவை ஒரு கைப்பிடியோடு நிறுத்திச் சுவைத்துப் பாருங்கள். பூசைக்கு வைத்த செடியின் இலையைக் கறியில் போட மனம் வராதவர்கள் நம்மில் பலர், வீட்டுப் பெரியவர்கள் கண்டிப்பாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வேறு தொட்டியில் சமையலுக்கென்று ஒரு செடி வளர்ப்பது சண்டையில்லாத வழி.

இலை சரியானது, இருந்தும் வாசம் இல்லையா? சீக்கிரம் போட்டிருப்பீர்கள், அல்லது கொஞ்சமாகப் போட்டிருப்பீர்கள். வாசனை எண்ணெய் சூட்டில் பறந்துவிடும். சாஸ் சுண்டி, கறியில் பளபளவென்று ஒட்டியதும் அடுப்பை அணைத்துவிட்டு இலையை மொத்தமாகப் போட்டு, பத்து நொடி புரட்டி, தட்டில் கொட்டிவிட வேண்டும். போடும்போது மலை போலத் தெரியும் இலை, அந்தப் பத்து நொடியில் கால்வாசியாகச் சுருங்கிவிடும். ஏற்கெனவே போட்டு வாசம் போய்விட்டது என்றால், இன்னொரு கைப்பிடி இலையைக் கடைசியில் போட்டால் போதும், சமையல் பிழைத்துவிடும்.

ஃப்ரிட்ஜில் வைத்துக் கறுத்த இலையிலும் மணம் இருக்காது. துளசிக் குடும்பத்துக்குக் குளிர் ஆகாது. தண்டோடு ஒரு டம்ளர் தண்ணீரில் வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

உப்புக் கரிக்கிறது

ஒரு மேசைக்கரண்டி ஃபிஷ் சாஸில் ஏறக்குறைய மூன்றரை கிராம் உப்பு இருக்கும். நெத்திலி போன்ற சின்ன மீனையும் உப்பையும் அடுக்கி மாதக்கணக்கில் நொதிக்க வைத்து வடித்த சாறு அது. நாள் ஒன்றுக்கு 5 கிராம் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் கிண்ணத்தில் அளந்து கலக்காமல் பாட்டிலைக் கவிழ்ப்பவர்களுக்கு இந்தக் கோளாறு நிச்சயம். தனியாக உப்பு ஒரு சிட்டிகைகூடப் போட வேண்டாம்.

இப்போது காப்பாற்ற: தண்ணீர் ஊற்றாதீர்கள். கைவசம் கறி மீதி இருந்தால் சாஸ் இல்லாமல் தனியாக வதக்கிச் சேருங்கள். இல்லையென்றால் சோற்றைக் கூட்டி, கறியைக் குறைத்துப் பரிமாறி, பக்கத்தில் வெள்ளரிக்காய் வையுங்கள். எலுமிச்சை கொஞ்சம் உதவும். சர்க்கரையைக் கொட்டினால் உப்பும் இனிப்புமாக இரண்டு கோளாறாகிவிடும்.

ஃபிஷ் சாஸைத் தொடவே மாட்டேன் என்பவர்கள் அந்த 2 தேக்கரண்டிக்குப் பதில் 3 தேக்கரண்டி லைட் சோயா விடலாம். ஆழம் குறையும், சாப்பிட முடியாமல் போகாது.

நிறம் கரியாக இருக்கிறது

நம் கடைகளில் சோயா சாஸ் என்று மட்டும் எழுதி விற்கும் பாட்டில் பெரும்பாலும் கருமையான வகை. லைட் சோயா என்று சொன்ன இடத்தில் அதை ஊற்றினால் நிறம் கறுத்துவிடும். லைட், டார்க் இரண்டும் தனித்தனியாக எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். மாறாக, வெளிறிப்போய் இருந்தால் டார்க் சோயா இன்னும் நாலு சொட்டு.

முட்டை ஆம்லெட் போல ஆகிவிட்டது

கப்ராவ் மேல் வைக்கும் முட்டைக்கு ஓரம் மொறுமொறுவென்று பொன்னிறமாக, மஞ்சள்கரு ஓடுகிற பதத்தில் இருக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் இது வராது. சின்ன வாணலியில் அரை அங்குல உயரத்துக்கு எண்ணெய் விட்டு, நன்றாகக் காய்ந்ததும் முட்டையைக் கிண்ணத்தில் உடைத்து அருகில் இருந்து சரித்து விடுங்கள். எண்ணெயைக் கரண்டியால் அள்ளி வெள்ளைக்கரு மேல் மட்டும் ஊற்றுங்கள். ஒரு நிமிடத்தில் வெந்துவிடும். தெறிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். முட்டையை முதலில் பொரித்து எடுத்துவிட்டு, அந்த எண்ணெயிலேயே கறியை வதக்கினால் பாத்திரமும் மிச்சம்.

சோற்றோடு சேரவில்லை

தாய்லாந்தில் இதற்கு ஹோம் மாலி என்ற மல்லிகை அரிசிதான். மென்மையாக, லேசான பசையோடு, சாஸை உறிஞ்சும் சோறு. புழுங்கலரிசிச் சோறு உதிரி உதிரியாக நின்று சாஸைக் கீழே விட்டுவிடும். மல்லிகை அரிசி கிடைக்காவிட்டால் பச்சரிசியைக் கொஞ்சம் குறைந்த நீரில் வடிக்காமல் வேக வைத்தது போதும். பாசுமதி வேண்டாம், அதன் மணம் துளசியோடு சண்டை போடும்.

மறுநாள் எடுத்தால் இலை கறுத்து, கறி எண்ணெய் கக்கி நிற்கிறது

சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்தது என்றால் சாப்பிடலாம். மைக்ரோவேவில் வைத்தால் கறி இறுகிவிடும். காய்ந்த வாணலியில் கறியைப் போட்டு, பழைய சோற்றை உதிர்த்துச் சேர்த்துப் புரட்டி, ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக்கி, அணைத்த பிறகு புது இலை ஒரு கைப்பிடி போடுங்கள். இதைத் தாய்லாந்தில் காவ் பட் கப்ராவ் என்று தனிப் பண்டமாகவே விற்கிறார்கள்.